மாட்டை மலடு என்று சொன்னது யார்?

பஞ்சவர்ணத்திடம் மாட்டை விற்றுவிடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் கோபப்படுவதற்கே அருகதையற்றவனாகிவிடுவேன்.

பூலாம்பாடிக்கு மேற்கே, பச்சைமலையைப் பார்த்துப் போகிற சாலையில் எங்கள் ஊர். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற கரிசல் பூமி. ஊர்ப் பால் சொசைட்டியில் நான் செயலாளர். பெயர் முத்தமிழ்செல்வன். காலையும் மாலையும் பால் அளந்து ஊற்றிக்கொள்வது என் வேலை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாடு வைத்திருப்பவர்களுக்கு யோசனை சொல்வதும் அதோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பஞ்சவர்ணம் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. காலனியில் வீடு. கணவர் அழகேசன் கொத்தனார். வேலை இருக்கிற ஊரில் இருப்பார். பத்து வருடத்துக்கு முன்புவரை அக்காவும் கூலிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பருத்தி எடுக்க, வெங்காயம் உரிக்க, சோளக்கதிர் ஒடிக்க. விடிந்ததும் நிலம் வைத்திருப்பவர்கள் வீட்டு முன்னால் வந்து நிற்க வேண்டும். இன்றைக்கு ஆள் வேண்டும், வேண்டாம் என்று உள்ளிருந்து குரல் வரும்வரை நிற்க வேண்டும். அப்படி அவர் நின்ற வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

மகளிர் குழுக் கடனில் ஒரு கிடேரிக் கன்று வாங்கினார். அது வளர்ந்து, ஈன்று, அதன் கன்றும் வளர்ந்து, ஒரு கட்டத்தில் இரண்டு கறவை நின்றது. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வரப்பு வரப்பாகப் போய்ப் புல் அறுப்பார். "எங்க வரப்புல யாருடி அது?" என்று கத்துகிறவர்கள் கத்துவார்கள். அவர் பதில் பேசாமல் அடுத்த வரப்புக்குப் போவார். அறுவடை முடிந்த காட்டில் மக்காச்சோளத் தட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நறுக்கிப் போடுவார். தீபாவளி, பொங்கல், கல்யாணம், காய்ச்சல் எதுவும் மாட்டுக்குத் தெரியாது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனவர் தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்து பால் கறந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் சும்மா கேட்டேன். "இவ்ளோ பாடுபட்டு என்னக்கா கண்டீங்க?"

"எம்மவ வெற்றிச்செல்வி பெரம்பலூர்ல நர்சிங் படிக்குது. அது ஒண்ணு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாடு வந்தப்பறந்தான் தம்பி, வேலைக்கு வரியான்னு யாராச்சும் கேட்டா, வரலன்னு சொல்ல எனக்கு வாய் வந்துச்சு" என்றார்.

அந்த வாயைத்தான் ஒரு ஆள் பிடுங்கப் பார்த்தான்.

எங்களுக்குக் கால்நடை ஆஸ்பத்திரி ஏழு கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து ஊரில் இருக்கிறது. டாக்டர் சுவாதி நல்ல டாக்டர்தான். ஆனால் மூன்று ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர். இந்தப் பக்கம் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அன்றைக்கே சினை ஊசி போட்டாக வேண்டும். விட்டால் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். டாக்டர் வரும் நாள் பார்த்து எந்த மாடும் கத்துவதில்லை. அதனால் பாலசுந்தரம் என்ற ஆளை வரச் சொன்னோம். ஒரு தனியார் நிறுவனத்தில் பயிற்சி எடுத்து, அவர்கள் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பைக்கில் சினை ஊசி போட வருகிறவர். போன் அடித்தால் வீட்டுக்கே வந்துவிடுவார். சொசைட்டியில் கூட்டம் போட்டு, துண்டு போர்த்தி, "இனிமே சினை ஊசிக்கு அலைய வேண்டியதில்லை" என்று ஊருக்கு அவரை அறிமுகப்படுத்தியது நான்தான். டாக்டருக்குப் படிக்காத அந்த ஆளை ஊரே டாக்டர் என்று கூப்பிட்டது.

முதல் வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வருடம்தான் பஞ்சவர்ணம் அக்காவின் மாட்டுக்குச் சினை நிற்காமல் போயிற்று. நெற்றியில் வெள்ளை விழுந்த கறுப்பு மாடு. சுட்டி என்று கூப்பிடுவார். மூன்று ஈத்து ஈன்ற மாடு. மாசிக் கடைசியில் கத்தியது. பாலசுந்தரம் வந்து ஊசி போட்டார். இருபத்தொரு நாளில் மறுபடி கத்தியது. மறுபடி ஊசி. மறுபடி கத்தல். இப்படி ஐந்து தடவை.

ஒவ்வொரு தடவையும் பாலசுந்தரம் ஒரு காரணம் வைத்திருந்தார். "தீவனம் பத்தலம்மா. வெறும் தட்டையப் போட்டா எப்படி சினை நிக்கும்?" அக்கா தவிடும் புண்ணாக்கும் கூட்டினார். "தாது உப்பு குடுக்குறீங்களா?" தாது உப்பு வாங்கினார். கடைசியில், "கருப்பையில கோளாறு. இது இனிமே தேறாது. மலட்டு மாட்டுக்குத் தீனி போட்டு ஏன் அழியறீங்க?" என்று சொல்லிவிட்டார்.

மாடு பால் வற்றிவிட்டது. இருந்த இன்னொரு மாட்டை மகளின் படிப்புக்காக முந்தின வருடமே விற்றிருந்தார். அழகேசன் ஊருக்கு வந்தபோதெல்லாம், "கறக்காத மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டுத் திரியிறியே, வித்துத் தொலைடி" என்றார். மாட்டுத் தரகர் பிச்சைமுத்து மூன்று தடவை வந்து, மாட்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் வாங்கினால் அது அடிமாடு. லாரி ஏறினால் முடிந்தது.

அப்போதுதான் என் யோசனையும். "பிடிவாதம் பிடிக்காதீங்கக்கா. டாக்டரே சொல்லிட்டாரு. வித்துட்டு வேற கன்னு வாங்குங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு கன்னு போட்ட மாடு எப்படி தம்பி திடீர்னு மலடாவும்?"

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. "அதெல்லாம் ஆவும்க்கா" என்றேன்.

ஆறாவது தடவை சுட்டி கத்தியது ஆனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. பாலசுந்தரத்துக்குப் போன் போட்டால், "அந்த மாட்டுக்கா? நாளைக்குப் பாக்கலாம்" என்றாராம். வியாழக்கிழமை டாக்டர் சுவாதி வரும் நாள். அக்கா மாட்டை அவிழ்த்துக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார். ஏழு கிலோமீட்டர். வழியில் இரண்டு இடத்தில் மாட்டுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் காட்டியிருக்கிறார்.

டாக்டர் கையில் உறை மாட்டி உள்ளே விட்டுப் பார்த்தார். "கருப்பை நல்லாத்தானேம்மா இருக்கு? யாரு கோளாறுன்னு சொன்னது?" என்று கேட்டுவிட்டு ஊசிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். உதவியாளர் ஒரு பெரிய கேனின் மூடியைத் திறந்தார். திறந்ததும் அதன் வாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று பொங்கி வெளியே வழிந்தது. அக்கா பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க சார் இது, தீயா?"

"தீயில்லம்மா. நைட்ரஜன். ஐஸைவிட நூறு மடங்கு குளிர்ச்சி. காளையோட விந்து இதுக்குள்ளதான் உசுரோட இருக்கும்."

"இந்தப் பொகை வரலன்னா?"

"வரலன்னா உள்ள நைட்ரஜன் காஞ்சிபோச்சுன்னு அர்த்தம். எல்லாம் செத்துருக்கும். அதப் போடறதும் ஒண்ணுதான், வெறும் தண்ணிய விடறதும் ஒண்ணுதான்."

திரும்பி வரும் ஏழு கிலோமீட்டரும் அக்காவுக்கு அந்தப் பேச்சுதான். பாலசுந்தரம் கேனைத் திறக்கும்போதெல்லாம் இவர்தான் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர். முதல் வருடம் ஏதோ வெள்ளையாக வந்த ஞாபகம். இந்த ஐந்து தடவையும் புகையைப் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

அன்று சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரத்தில் வெறுங்கையோடு சொசைட்டிக்கு வந்தார். கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு என்னிடம் நேராக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வூட்டு மாட்டுக்குப் பாலசுந்தரம் ஊசி போட்டாரே, எத்தினி ஊசியில நின்னுச்சு?"

"மொத ஊசியிலயே."

"கேனைத் தொறந்தப்ப பொகை வந்துச்சா?"

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. மாசி மாதம், எங்கள் கொட்டகையில், நீல நிறத்தில் புத்தம்புதுக் கேன். மூடியைத் திறந்ததும் பொங்கிய புகையைப் பார்த்து என் மனைவி சிரித்ததுகூட நினைவிருக்கிறது. ஆனால் வாயைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏன் என்று இப்போது கேட்டால் மழுப்பலாக ஏதாவது சொல்லலாம். உண்மை இதுதான்: ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது.

"வந்துச்சுக்கா" என்றேன்.

"எங்க தெருவுல மட்டும் வரலியே, ஏன்?"



அடுத்த மூன்று நாள் பஞ்சவர்ணம் அக்கா காலனியில் மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். ஒரே மாதிரிதான் கேட்டார். இந்த வருசம் எத்தனை ஊசி போட்டீங்க, நின்னுச்சா, கேன்ல பொகை வந்துச்சா? பதினாறு மாடு. ஒன்றுக்குக்கூட சினை நிற்கவில்லை. அத்தனை வீட்டிலும் தங்கள் மாட்டுக்குத்தான் கோளாறு என்று தனித்தனியாக நம்பிக்கொண்டிருந்தார்கள். மாட்டுக் குறையை வெளியே சொன்னால் விலை போகாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பதினாறில் ஏழு மாடு ஏற்கெனவே பிச்சைமுத்துவின் லாரியில் ஏறிப் போயிருந்தது.

அந்த ஏழில் ஒன்று ஜெயலட்சுமியுடையது. பஞ்சவர்ணத்தைவிட நாலைந்து வயது இளையவர். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இருந்தது ஒரே மாடு. அது போனபின் பழையபடி கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம்.

"கடைசி தடவ கத்துனப்ப அத நான் வௌக்கமாத்தால அடிச்சேன்க்கா. சோறு திங்கத் தெரியுது, சினை நிக்கத் தெரியலியான்னு கேட்டு அடிச்சேன். லாரியில ஏற மாட்டேன்னு திமிறுச்சு. அப்பயும் அடிச்சேன்."

"நீ அடிச்சது தப்புதான். அடிக்க வச்சவன் ஒருத்தன் இருக்கான்ல, அவனைப் பாப்போம் வா" என்றார் அக்கா.

திங்கட்கிழமை காலை. ஒரு மாடு கத்துகிறது என்று பாலசுந்தரத்துக்குப் போன் போனது. சொசைட்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குப் பைக்கில் வந்தார். பக்கவாட்டில் பழைய சாக்குப்பைக்குள் கேன். சொசைட்டி முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மாறியது. இருந்தாலும் சிரித்துக்கொண்டே, "என்ன, ஊர்வலமா? மாடு எங்க?" என்றார்.

"மாடு இருக்கட்டும். கேனைத் தொறங்க டாக்டர்" என்றார் பஞ்சவர்ணம்.

"எதுக்கு?"

"பாக்கணும்."

"வேடிக்கைப் பொருளா அது? சும்மா சும்மா தொறக்கக் கூடாதும்மா."

"அஞ்சு தடவ எம்மாட்டுக்குத் தொறந்தீங்கல்ல. ஆறாவது தடவ எனக்காவத் தொறங்க."

திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு நூல் புகைகூட வரவில்லை. சாக்குப்பையை விலக்கியபோது கேனைப் பார்த்தேன். நசுங்கிய, பெயிண்ட் உரிந்த பழைய கேன். எங்கள் வீட்டுக்கு வந்த நீலக் கேன் அல்ல.

"வெயில்ல புகை தெரியாது" என்றார்.

"ஆஸ்பத்திரியிலயும் வெயில்தான் அடிக்குது" என்றார் அக்கா. கையோடு கொண்டுவந்திருந்த நீளக் குச்சியைக் கேனுக்குள் விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்தார். உள்ளே நைட்ரஜன் இருந்தால் குச்சியில் அந்த மட்டத்துக்கு வெள்ளையாக உறைபனி பிடித்திருக்கும் என்று ஆஸ்பத்திரி உதவியாளரிடம் கேட்டு வைத்திருந்தார். குச்சி போன மாதிரியே வந்தது. அதைப் பாலசுந்தரத்தின் கன்னத்தில் வைத்துக் காட்டினார். "சில்லுனு இருக்கா, பாருங்க."

பாலசுந்தரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமாக யாருக்கு வர வேண்டுமோ அவர்களுக்கு முன்னால் அவருக்கு வந்ததுதான் கொடுமை. குச்சியைத் தட்டிவிட்டுக் கத்தினார்.

"வளக்கத் தெரியாம வளத்துட்டு எம்மேல பழி போடறீங்களா? உங்களுக்கெல்லாம் எதுக்குக் கலப்பின மாடு? ரெண்டு ஆட்டப் புடிச்சுக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதானே?"

யாரும் கூச்சல் போடவில்லை. ஜெயலட்சுமி மட்டும் போய் பைக் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "எம்மாடு செத்துப்போச்சு. நீ நடந்து போடா" என்றார்.

பாலசுந்தரம் என்னைப் பார்த்தார். "செக்ரெட்டரி, நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட. உங்க வூட்டு மாடு நின்னுச்சா இல்லியா?"

நான் அவருக்குச் சாட்சி சொல்வேன் என்று எதிர்பார்த்தார். அப்படி எதிர்பார்க்கிற அளவுக்கு நான் இருந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"நின்னுச்சு. அது வேற கேன். கேனை எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

பால் ஏற்றுகிற மினி லாரியில் கேனை வைத்து, பெண்கள் ஏறிக்கொள்ள, பாலசுந்தரத்தையும் ஏற்றிக்கொண்டு போனோம். டாக்டர் சுவாதி வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசைமேல் மைக்ராஸ்கோப்பை இழுத்து வைத்தார். முதலில் ஆஸ்பத்திரிக் கேனிலிருந்து விந்து அடைத்த மெல்லிய குழல் ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டார். தான் பார்த்துவிட்டு பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்.

"பாருங்கம்மா."

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "அட, குட்டையில தலைப்பிரட்டை ஓடற மாரி ஓடுதே!"

"அதான் உசுரு. இப்ப இதைப் பாருங்க." பாலசுந்தரத்தின் கேனிலிருந்து எடுத்த சொட்டு.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுகூட அசையலியேம்மா."

டாக்டர் அந்தக் கேனிலிருந்து இன்னும் இரண்டு எடுத்து வைத்தார். இரண்டும் அப்படியே. ஒவ்வொரு பெண்ணாக வந்து குனிந்து பார்த்தார்கள். ஜெயலட்சுமிதான் நிமிரவே இல்லை. பின்னால் இருந்த பெண் தோளைத் தொட்டபிறகுதான் எழுந்தார். "இதுக்கா எம்மாட்டை வித்தேன்?" என்று டாக்டரைக் கேட்டார். 

"கேன் பழசுங்க மேடம். நைட்ரஜன் நிக்க மாட்டேங்குது. கம்பெனியில கேட்டா ஒரு புதுக் கேன்தான் குடுத்தாங்க" என்றார் பாலசுந்தரம். அப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஒண்ணு குடுத்தாங்கல்ல? அதை எங்க கொண்டு போனீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

 நான் சொன்னேன். "எங்க தெருவுக்கு. பெரிய பண்ணைங்களுக்கு."

சினை நிற்காவிட்டால் கேள்வி கேட்கக்கூடியவர்கள் என்று அவர் நினைத்த இடத்துக்கெல்லாம் உயிருள்ளது போயிருக்கிறது. கேட்க மாட்டார்கள் என்று நினைத்த தெருவுக்குச் செத்தது போயிருக்கிறது. அதற்கும் ஒவ்வொரு தடவையும் கூலி வாங்கியிருக்கிறார். வாங்கிக்கொண்டு, தாது உப்பு போடவில்லை என்று அவர்களையே திட்டவும் செய்திருக்கிறார். கேன் பழுது என்றால் ஊசி போடாமல் இருந்திருக்கலாமே! மாடு பிழைத்திருக்குமே!

டாக்டர் பரிசோதனை விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாங்கள் புகார் எழுதி அந்தத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்பினோம். பதினாறு பேர் கையெழுத்து. மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அக்கா அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 'மேற்படி நபர் தற்போது தங்கள் பகுதியில் பணியில் இல்லை. எனவே தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.'

"இன்னொருவாட்டி படிங்க" என்றார். படித்தேன்.

"எங்க பகுதியில இல்லன்னா, எந்தப் பகுதியில இருக்கான்?"

அதற்குப் பதில் பிச்சைமுத்துவிடமிருந்து வந்தது. தரகர் ஊர் ஊராகச் சந்தைக்குப் போகிறவர். "அந்த ஊசிக்காரன் இப்ப ஆண்டிமடம் பக்கம் சுத்துறான். அங்கேருந்துகூட வறட்டு மாடு வர ஆரம்பிச்சிருக்கு" என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது வியாபாரச் செய்தி.

மறுநாளே அக்கா கிளம்பினார். சுட்டிக்கு அந்த வேளைக்கான தீனியைப் பக்கத்து வீட்டில் போடச் சொல்லிவிட்டு, ஜெயலட்சுமியையும் கூட்டிக்கொண்டு. நானும் வருகிறேன் என்றேன். "வாங்க. ஆனா பேசறது நாங்க" என்றார். பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறி, ஆண்டிமடம் போய்ச் சேர மதியமாகிவிட்டது. அங்கிருந்து முந்திரிக்காட்டுக்கு நடுவில் பிச்சைமுத்து சொன்ன ஊர். பால் ஊற்றுகிற இடத்தில் போய் நின்றோம்.

முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து மாட்டைப் பற்றி விசாரித்தால் யார் நம்புவார்கள்? முதலில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. ஒரு பெரியவர், "எந்தக் கம்பெனிக்கு ஆள் புடிக்க வந்தீங்க?" என்று கேட்டே விட்டார். சசிகலா என்ற பெண் மட்டும் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்.

"உங்க மாட்டுக்கு எத்தினி ஊசி?" என்று பஞ்சவர்ணம் கேட்டார்.

"நாலு. தீவனம் பத்தலங்கறாரு."

"எங்களுக்கும் அதான் சொன்னான். அடுத்த தடவ தாது உப்பும்பான். அப்பறம் மலடும்பான்."

சசிகலாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். மலடு என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் தரகர் வருவதாக இருந்தது.

அக்கா உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னார். டாக்டர் கொடுத்த காகிதத்தைக் காட்டினார். சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். அந்த மாடு லாரி ஏறவில்லை. பத்து நாளில் சசிகலாவிடமிருந்து போன் வந்தது. அவர்களும் கேனைப் பிடித்துவிட்டார்களாம். அதே நசுங்கிய கேன். அவர்கள் ஊர் கால்நடை டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு ஊர்ப் புகாரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நேரே அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனோம். மேலாளர் இல்லை, நாளை வாருங்கள் என்றார்கள். அக்காவும் கூட வந்திருந்த பெண்களும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். போக வருகிறவர்கள் எல்லோரும் பத்துப் பெண்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் இல்லாத மேலாளர் உள்ளேயிருந்து வந்தார்.

அவர் மிகவும் இனிமையாகப் பேசினார். ஜெயலட்சுமி கணவரை இழந்தவர் என்பதைக் கேட்டு வருத்தப்பட்டார். அவருக்கு மட்டும் நல்ல கிடேரி ஒன்று உடனே வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரு காகிதத்தை நீட்டினார். இனிமேல் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"மத்த ஆறு மாட்டுக்கு?" என்று பஞ்சவர்ணம் கேட்டார்.

"அதெல்லாம் பேசிப் பாப்போம்மா."

ஜெயலட்சுமி காகிதத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.  "வேணாம்க்கா. நான் போட மாட்டேன்" என்றார். குரலில் தெம்பில்லை.

"போடு" என்றார் அக்கா.

எல்லோரும் திகைத்துப்போனோம்.

"நீ கூலிக்குப் போயி இடுப்பு ஒடிஞ்சுதான் நாயம் வாங்கணும்னு ஒண்ணும் இல்ல. உன் மாட்டை இவங்கதான் கொன்னாங்க, இவங்க குடுக்கறதுல என்ன தப்பு? வாங்கிக்க." பிறகு மேலாளரைப் பார்த்தார். "அவ கையெழுத்து அவ மாட்டுக்கு மட்டுந்தான் சார். எங்கையெழுத்து புகார்லயே இருக்கும். அத நான் எடுக்கப்போறதில்ல."

ஜெயலட்சுமி கையெழுத்துப் போட்டார். கிடேரி வந்தது. பாலசுந்தரத்தின் அட்டையைப் பறித்துவிட்டதாக எழுத்து மூலமாகவே பிறகு தெரிவித்தார்கள். மீதி ஆறு மாட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை. இப்போது நிறுவனத்தின்மேலும் பாலசுந்தரத்தின்மேலும் வழக்குப் போட்டிருக்கிறோம். முதல் பெயர் பஞ்சவர்ணம். தன் மாட்டை விற்காமல் காப்பாற்றிக்கொண்டவர் எதற்கு அலைகிறார் என்று ஊரில் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கள் தெருக்காரர்கள்.

ஆஸ்பத்திரியில் போட்ட அந்த ஒரே ஊசியில் சுட்டிக்குச் சினை நின்றுவிட்டது. பங்குனியில் ஈன்றது. காளைக்கன்று. "இவ்ளோ பாடுபட்டும் காளையா போச்சே" என்று அழகேசன் சலித்துக்கொண்டார். சீம்பால் கொண்டுவந்து கொடுத்தபோது அக்காவிடம் நானும் அதையே சொன்னேன். இத்தனைக்குப் பிறகும் என் வாய் சும்மா இருப்பதில்லை.

"காளையா இருந்தா என்ன தம்பி? எம்மாட்டை மலடுன்னு சொன்னவன் முன்னாடி கொண்டுபோயி நிறுத்தணும். வர்ற பொதன்கெழமை கோர்ட்டுல வாய்தா. கன்னையும் கூட்டிக்கிட்டு வந்தா உள்ள விடுவாங்களா, கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.